நாடி துடிக்கும்போதே கருத்துப்போன கால்கள்: நியூயார்க் 2002 பிளேக் நிகழ்வு ஆய்வு

2002 நவம்பர் 1 அன்று நியூ மெக்சிகோ மாநிலத்தின் சான்டா ஃபே வட்டாரத்திலிருந்து ஒரு தம்பதி நியூயார்க் நகரத்துக்கு வந்தார்கள். கணவருக்கு வயது 53, மனைவிக்கு 47. வந்த சில நாட்களிலேயே இருவருக்கும் காய்ச்சல், அசதி, ஒரு பக்கத் தொடை இடுக்கில் வலியோடு நெறி (நிணநீர்க் கணு வீக்கம்). நவம்பர் 5 அன்று கணவர் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போனபோது காய்ச்சல் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருந்தது. இரத்த அழுத்தத்தின் மேல் அளவு 80க்கும் கீழே இறங்கியிருந்தது.

மனைவி மருந்து எடுத்துக்கொண்டு சிக்கல் ஏதுமில்லாமல் தேறினார். கணவருக்கு வென்டிலேட்டர், டயாலிசிஸ், வாரக்கணக்கில் தீவிர சிகிச்சை எல்லாம் தேவைப்பட்டன. உயிர் பிழைத்தார். ஆனால் இரண்டு கால்களையும் முழங்காலுக்குக் கீழே அகற்ற வேண்டியதாயிற்று.

இருவரும் ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள். கடித்த தெள்ளுப்பூச்சிகள் ஒரே நிலத்தில் இருந்தவை, நோய் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரே நாளில். கிருமியும் ஒன்றுதான், பிளேக்கை உண்டாக்கும் எர்சினியா பெஸ்டிஸ். அப்படியிருக்க ஒருவர் நடந்து வீட்டுக்குப் போகிறார், இன்னொருவர் கால்களை இழக்கிறார். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2003இல் தன் வார இதழில் வெளியிட்ட இந்த நிகழ்வை நான் திரும்பத் திரும்பப் படிக்கக் காரணம் இந்த வேறுபாடுதான். பிளேக் என்றதும் நாம் நெறியைப் பற்றியும் நுரையீரலைப் பற்றியும் பேசுகிறோம். இரத்தக் குழாய்களைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. இந்த நோயாளியின் கதி முடிவானதோ இரத்தக் குழாய்களுக்குள்தான்.

நோயறிதல்

காய்ச்சலும் தொடை இடுக்கில் நெறியும் என்றால் ஒரு பெருநகர மருத்துவர் முதலில் என்ன நினைப்பார்? காலில் புண் வழியாக ஏறிய ஸ்டாஃபிலோகாக்கஸ் அல்லது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று, பாலியல் நோய்கள், பூனைக் கீறல் காய்ச்சல். முயலோடும் உண்ணியோடும் தொடர்பு இருந்தால் துலரேமியா. நியூயார்க்கில் நூறு வருடத்துக்கும் மேலாக யாரும் பார்க்காத பிளேக் அந்தப் பட்டியலின் கடைசியில்கூட வராது.

பட்டியலைத் தலைகீழாக மாற்றியது நோயாளிகளின் முகவரி. அமெரிக்காவில் பிளேக் 1900இல் சான் பிரான்சிஸ்கோ துறைமுகம் வழியாக நுழைந்தது. பிறகு ஊர் எலிகளிடமிருந்து காட்டு அணில்கள், புல்வெளி நாய்கள் எனப்படும் கொறிக்கும் விலங்குகள், மர எலிகள் என்று பரவி மேற்கு மாநிலங்களில் நிலைகொண்டது. மனிதர்களுக்கு வரும் நோயில் பெரும்பங்கு நியூ மெக்சிகோவில்தான். நாடு முழுவதற்கும் சேர்த்தே வருடத்துக்குச் சராசரியாக ஏழு பேர் அளவில்தான் பாதிக்கப்படுகிறார்கள். 2002இல் இந்த இருவரைத் தவிர வேறு யாரும் இல்லை.

இன்னொன்றும் இருந்தது. அதே வருடம் ஜூலையில் நியூ மெக்சிகோ சுகாதாரத் துறை வழக்கமான கண்காணிப்பின்போது இந்தத் தம்பதியின் சொந்த நிலத்தில் செத்துக் கிடந்த ஒரு மர எலியிலும், அங்கே எடுத்த தெள்ளுப்பூச்சிகளிலும் எர்சினியா பெஸ்டிஸைக் கண்டுபிடித்திருந்தது. நோய் வருவதற்கு நான்கு மாதம் முன்பே அதற்கான சான்று பதிவேட்டில் இருந்தது! விலங்குக் கண்காணிப்பை வெறும் சடங்காகப் பார்ப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த ஜூலைப் பதிவைத்தான்.

நகரம் அப்போது என்ன மனநிலையில் இருந்தது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 2001 செப்டம்பர் தாக்குதலும், அதன்பின் வந்த ஆந்த்ராக்ஸ் கடிதங்களும் முடிந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. பிளேக் கிருமி உயிரி ஆயுதப் பட்டியலில் முன்வரிசையில் இருப்பது. ஆனால் ஆயுதமாகக் காற்றில் தூவப்பட்டிருந்தால் நோய் நுரையீரலில் தொடங்கும். இங்கே இருவருக்கும் நெறி தொடை இடுக்கில் கட்டியிருந்தது, அதாவது காலில் பூச்சி கடித்திருக்கிறது. தொற்று நியூயார்க்கில் அல்ல, அவர்கள் வீட்டில் ஏற்பட்டது என்று ஆய்வாளர்கள் முடிவுசெய்தார்கள். நெறியோடு நிற்கும் பிளேக் மூச்சுக்காற்றில் பரவாது. அதனால் நகரத்துக்கு ஆபத்து இல்லை என்று அதிகாரிகளால் சொல்ல முடிந்தது.

கணவரின் இரத்த வளர்ப்பில், அதாவது இரத்தத்தை ஆய்வகத்தில் வைத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனையில், எர்சினியா பெஸ்டிஸ் வளர்ந்தது. அந்த ஒரு முடிவில்தான் இருவரின் வழியும் பிரிகிறது.

நெறியிலிருந்து இரத்தத்துக்கு

தெள்ளுப்பூச்சி கடிக்கும்போது கிருமி எப்படி உள்ளே வருகிறது என்பதை 1914இல் பேக்காட், மார்ட்டின் இருவரும் விளக்கினார்கள். பூச்சியின் முன்வயிற்றில் கிருமிகள் கட்டியாகத் திரண்டு பாதையை அடைத்துவிடுகின்றன. பசியில் தவிக்கும் பூச்சி மறுபடி மறுபடி கடிக்கிறது. உறிஞ்சிய இரத்தம் கிருமிகளோடு கலந்து திரும்பக் கடிவாய்க்குள்ளேயே போகிறது. எல்லாப் பூச்சிகளும் இப்படி அடைபட்டுத்தான் பரப்பும் என்பதில்லை. மேற்கு அமெரிக்காவின் பாறை அணில்களில் வாழும் தெள்ளு, அடைப்பு ஏற்படும் முன்பே, கிருமியை வாங்கிய சில நாட்களிலேயே பரப்பக்கூடியது என்று 2006இல் காட்டினார்கள்.

தோலுக்குள் வந்த கிருமிக்கு முதல் தடை நம் உடல் கட்டும் ஃபைப்ரின் வலை, இரத்த உறைவின் இழைகளால் ஆனது. புண்பட்ட இடத்தைச் சுற்றி இந்த வலை விழுந்து கிருமியை அங்கேயே நிறுத்தப் பார்க்கும். எர்சினியா பெஸ்டிஸிடம் இதற்கென்றே ஒரு நொதி இருக்கிறது. அதன் பெயர் பிளா. இது நம் இரத்தத்திலுள்ள பிளாஸ்மினோஜனை பிளாஸ்மினாக மாற்றி அந்த வலையைக் கரைக்க வைக்கிறது. 1992இல் வந்த ஆய்வு ஒன்று பிளா இல்லாத கிருமியை எலிகளின் தோலடியில் செலுத்திப் பார்த்தது. கொல்வதற்குத் தேவையான அளவு ஏறக்குறைய பத்து லட்சம் மடங்கு கூடிவிட்டது. அதே கிருமியை நேராக இரத்தக் குழாயில் செலுத்தினால் வீரியத்தில் மாற்றமில்லை. அதாவது, பிளாவின் வேலை தோலிலிருந்து இரத்தத்துக்குப் பாதை திறந்துவிடுவது.

இரண்டாவது தந்திரம் மௌனம். எர்சினியா சேர்ந்த கிராம் நெகட்டிவ் என்ற வகைக் கிருமிகளின் வெளிச்சுவரில் இருக்கும் லிப்போபாலிசாக்கரைடு என்ற பொருளைக் கண்டதும் நம் வெள்ளையணுக்கள் உஷாராகிவிடும். இந்தக் கிருமி தெள்ளுப்பூச்சிக்குள், குறைந்த வெப்பத்தில் இருக்கும்போது, அந்தப் பொருளில் ஆறு கொழுப்பு அமிலச் சங்கிலிகள் வைத்திருக்கிறது. மனித உடலின் 37 டிகிரிக்கு வந்ததும் அதை நான்காகக் குறைத்துக்கொள்கிறது. நான்கு சங்கிலி உள்ள வடிவத்தை நம் ஏற்பிகள் சரியாக இனங்காண்பதில்லை. 2006இல் ஆய்வாளர்கள் கிருமியின் மரபணுவை மாற்றி 37 டிகிரியிலும் ஆறு சங்கிலி இருக்கும்படி செய்தபோது எலிகள் சாகாமல் தாக்குப்பிடித்தன.

ஆக, நோய் தொடங்கிய முதல் நாட்களில் உடலுக்கு அரைகுறையாகத்தான் தகவல் கிடைக்கிறது. அந்த இடைவெளியில் கிருமி நெறிக்குள் பெருகுகிறது. நெறியிலேயே அடங்கிவிட்டால் அது மனைவியின் கதை. நெறியைத் தாண்டி இரத்தத்தில் கொட்டினால் கணவரின் கதை. யாருக்கு எது நேரும் என்பது கடிபட்டபோது உள்ளே போன கிருமியின் அளவு, அந்த உடலின் எதிர்ப்பு, மருந்து தொடங்கிய நேரம் என்று பலவற்றைப் பொறுத்தது. இந்தத் தம்பதியில் எந்தக் காரணம் எவ்வளவு பங்கு வகித்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

சிறு குழாய்களுக்குள் நடந்தது

இங்கே ஒரு முரண் இருக்கிறது, எனக்கு இந்த நோயில் மிகவும் முக்கியமாகப் படுவதும் அதுதான். உறைவைக் கரைக்கும் நொதியைக் கையில் வைத்திருக்கும் கிருமி, இரத்தக் குழாய்களை எப்படி உறைவால் அடைக்கிறது?

பிளா தன் வேலையைக் கடிவாயிலும் நெறியிலும் செய்கிறது. இரத்தத்தில் கிருமி எண்ணிக்கை பெருகிய பிறகு நடப்பது வேறு. பிளேக் இரத்தத்துக்குள் முற்றும்போது கிருமிகள் சாதாரண இரத்தப் பூச்சில், நுண்ணோக்கியின் கீழ் நேரடியாகவே தெரியும் அளவுக்குப் பெருகிவிடுகின்றன. இந்த அளவில் வந்தபின் சங்கிலி நான்கோ ஆறோ, எதிர்வினை வந்தே தீரும். வெள்ளையணுக்களும் இரத்தக் குழாயின் உள்படலமும் திசுக் காரணி என்ற புரதத்தை வெளிக்காட்டுகின்றன. அதிலிருந்து த்ராம்பின் என்ற உறைவு நொதி, த்ராம்பினிலிருந்து ஃபைப்ரின். உடல் முழுக்க ஒரே நேரத்தில் மயிரிழை போன்ற குழாய்களில் உறைவு படிகிறது. தட்டணுக்களும் உறைவுக் காரணிகளும் இப்படியே செலவாகித் தீர்ந்துபோவதால், அதே நோயாளிக்குத் தோலடியில் இரத்தக் கசிவும் வருகிறது.

ஆரோக்கியமான உடலில் இந்த உறைவுக்குக் கடிவாளம் உண்டு. புரோட்டீன் சி, ஆன்டித்ராம்பின் என்ற இரண்டும் கல்லீரலில் உருவாகி உறைவைக் கட்டுக்குள் வைக்கின்றன. அதிர்ச்சி நிலையில் இரத்த அழுத்தம் விழும்போது கல்லீரலுக்கு இரத்தம் போதாமல் அதன் செல்கள் சாகின்றன, புதிய உற்பத்தி நிற்கிறது. இருந்ததும் செலவாகிவிடுகிறது. புரோட்டீன் சியை வேலைக்கு எழுப்பும் த்ராம்போமாடுலின் என்ற புரதமும் புண்பட்ட உள்படலத்திலிருந்து மறைந்துவிடுகிறது.

இப்போது பாதங்களைப் பாருங்கள். இதயத்திலிருந்து மிகத் தொலைவில் இருப்பவை, உடலிலேயே குளிர்ந்தவை. அழுத்தம் குறைந்தால் முதலில் பட்டினி கிடப்பவையும் அவைதான். அழுத்தத்தை உயர்த்தக் கொடுக்கும் நார்எபிநெஃப்ரின் போன்ற மருந்துகள் குழாய்களை இன்னும் சுருக்குகின்றன. விரல்கள் வெளிறி, நீலம் பாய்ந்து, கருக்கின்றன. பெரும்பாலும் இரு பக்கமும் ஒரே மாதிரி.

இதில் பலரைக் குழப்புவது நாடி. கால் கருத்துக்கொண்டே வரும்போதும் பாதத்தின் மேல் விரல் வைத்தால் துடிப்பு கிடைக்கலாம், இரத்த ஓட்டத்தை ஒலியாக்கும் டாப்ளர் கருவியில் ஓசையும் கேட்கலாம். பெரிய தமனி திறந்துதான் இருக்கிறது, அடைபட்டது அதற்கு அப்பால் உள்ள சிறு குழாய்கள். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வார்கென்டின் 2015இல் எழுதிய விரிவான கட்டுரையில் இந்த நிலையைத் தெளிவாக விளக்கியிருக்கிறார். கல்லீரல் அடிபட்டதற்கும் விரல்கள் கருப்பதற்கும் இடையே பொதுவாக 2 முதல் 5 நாள் இடைவெளி இருக்கிறது என்பதையும் அவர் காட்டினார். அந்த இடைவெளிதான் சரியாகக் கவனித்தால் ஏதாவது செய்யக் கிடைக்கும் நேரம்.

கால் போனதற்கு அழுத்த மருந்தைத்தான் குடும்பத்தார் குறைசொல்வார்கள், சில மருத்துவர்களும்கூட. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் தினமும் எத்தனையோ பேருக்கு இந்த மருந்துகள் ஓடுகின்றன, கால் இழப்பவர்கள் மிகச் சிலரே. அந்தச் சிலரிடம் பரவிய உறைவும் கல்லீரல் பாதிப்பும் சேர்ந்தே இருப்பதைப் பார்க்கிறோம். மருந்து கூட்டாளியாக இருக்கலாம், தனிக் குற்றவாளி இல்லை. மருந்தை நிறுத்தியிருந்தால் நியூயார்க் நோயாளி கால்களோடு பிழைத்திருப்பார் என்று நினைக்க ஆதாரமில்லை. உயிரே போயிருக்கும் வாய்ப்புதான் அதிகம்.

சிகிச்சையும் அதன் எல்லையும்

அவருக்கு ஜென்டாமைசின், டாக்சிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் எல்லாம் கொடுக்கப்பட்டன. பிளேக்குக்கு இவை சரியான மருந்துகள். காய்ச்சல் என்றதும் பல இடங்களில் முதலில் ஏற்றப்படும் செஃப்ட்ரியாக்சோனை இந்த நோயில் நம்பக் கூடாது. மருந்துகளுக்கு முந்திய காலத்தில் அமெரிக்காவில் பிளேக் வந்தவர்களில் சுமார் 66 சதவீதம் பேர் இறந்தார்கள், இன்று அது 11 சதவீதம் அளவுக்கு இறங்கியிருக்கிறது. ஆனால் ஆன்டிபயாடிக் கிருமியைத்தான் கொல்லும். ஏற்கெனவே படிந்த ஃபைப்ரினைக் கரைக்காது.

அதனால்தான் அவருக்கு டிராட்ரிகோஜின் ஆல்ஃபா என்ற மருந்தும் கொடுத்தார்கள். அது செயற்கையாகத் தயாரித்த, ஏற்கெனவே தூண்டப்பட்ட புரோட்டீன் சி. 2001இல் வெளியான பெரிய ஆய்வில் கடும் செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் செயலிழக்கும் நிலை) நோயாளிகளின் இறப்பு 30.8 சதவீதத்திலிருந்து 24.7 ஆகக் குறைந்தது. அந்த வருட நவம்பரில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. நம் நோயாளிக்குக் கொடுக்கும்போது மருந்துக்கு ஒரு வயது. மேலே சொன்ன வழிமுறையோடு இதைவிடப் பொருந்தும் மருந்து அப்போது இல்லை. ஆனால் பின்னால் செய்த ஆய்வில் பலன் தெரியவில்லை, 2011 அக்டோபரில் நிறுவனம் சந்தையிலிருந்து அதை எடுத்துவிட்டது. அன்று அதைக் கொடுத்தது நியாயமான முடிவு என்றே நினைக்கிறேன். அது அவருக்கு உதவியதா என்பதை ஒரே ஒரு நோயாளியை வைத்துச் சொல்ல முடியாது.

இன்று அந்த மருந்து இல்லை. உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் கொடுக்கலாமா என்பதில் ஒருமித்த கருத்தும் இல்லை. தட்டணு குறைந்த நோயாளிக்கு இரத்தம் கசியும் பயம் ஒரு பக்கம், விரல்கள் போய்க்கொண்டிருப்பது மறுபக்கம். வார்கென்டின் ஹெப்பாரின் பக்கம் சாய்கிறார். எனக்கும் அவர் வாதம் சரியாகப் படுகிறது, ஆனால் ஒவ்வொரு நோயாளியிலும் தனியாக எடைபோட வேண்டிய முடிவு இது.

அறுவை விஷயத்தில் பொறுமை வேண்டும். கருத்த விரல் உலர்ந்திருக்கும்வரை அவசரமில்லை. உயிருள்ள தசைக்கும் இறந்த தசைக்கும் நடுவே எல்லைக்கோடு தெளிவாக விழ வாரக்கணக்கில் ஆகும். முன்கூட்டியே வெட்டினால் மீளக்கூடிய தசையும் போய்விடும். ஈரமாகி, சீழ் பிடித்து, நாற்றம் வந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது. 2012இல் ஆரெகன் மாநிலத்தில் ஒருவர் தன் பூனையின் தொண்டையில் சிக்கிய எலியை எடுக்கப்போய்க் கடிபட்டு, அதன் வழியாகப் பிளேக் வந்து, கைகால் விரல்களை இழந்தார். அங்கே கிருமி பல் வழியாக வந்தது. இரத்தத்துக்குள் போன பிறகு நடந்தது மட்டும் நியூயார்க்கில் நடந்ததேதான்.

தெள்ளு கொண்டுவரும் மற்ற இரண்டு

தெள்ளுப்பூச்சி பரப்பும் எல்லாக் கிருமியும் இப்படி அடைப்பதில்லை. எலித் தெள்ளும் பூனைத் தெள்ளும் பரப்பும் ரிக்கெட்சியா டைஃபி, அதாவது எலித் தெள்ளு டைஃபஸின் கிருமி, வேறு வழியில் வேலை செய்கிறது. பூச்சியின் எச்சம் கடிவாயில் தேய்ந்து உள்ளே போக, கிருமி நேராக இரத்தக் குழாய் உள்படலத்தின் செல்களுக்குள்ளேயே குடியேறிப் பெருகுகிறது. செல் உடைகிறது, குழாய் கசிகிறது. பெரும்பாலானோருக்குத் தலைவலி, காய்ச்சல், மெல்லிய தடிப்போடு முடிந்துவிடும். ஆனால் லாஸ் ஏஞ்சலிஸ் கவுன்டியில் 2010இல் 31 ஆக இருந்த நோயாளிகள் 2022இல் 171 ஆனார்கள், அந்த ஒரே வருடத்தில் மூன்று பேர் இறந்தார்கள். இதயத் தசை அழற்சி, பரவிய உறைவோடு வந்த செப்டிக் அதிர்ச்சி போன்றவை அந்த இறப்புகளில் பதிவாயின.

பூனைத் தெள்ளின் எச்சம் வழியாகப் பூனையின் நகத்துக்கு வந்து, அங்கிருந்து மனிதருக்கு வரும் பார்டோனெல்லா ஹென்சலே (பூனைக் கீறல் காய்ச்சலின் கிருமி) செய்வது இன்னும் விசித்திரம். எய்ட்ஸ் போல எதிர்ப்பு குன்றியவர்களில் இது புதிய இரத்தக் குழாய்களை வளர்க்கத் தூண்டுகிறது. தோலில் செவ்வூதா நிறக் கட்டிகள் எழுகின்றன, எய்ட்ஸ் நோயாளிகளுக்கு வரும் கபோசி புற்று என்று தவறாக நினைக்க வைக்கும். கல்லீரலுக்குள் இரத்தம் நிறைந்த குழிகள் உருவாகலாம். ஏற்கெனவே பழுதான இதய வால்வு உள்ளவர்களுக்கு, சாதாரண இரத்த வளர்ப்பில் ஒன்றுமே வளராத வால்வு அழற்சியாக மாதக்கணக்கில் மறைந்திருக்கும். ஆன்டிபயாடிக் கொடுத்ததும் அந்தத் தோல் கட்டிகள் சுருங்கிப் போகின்றன. புற்று என்று கீமோதெரபி பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் எரித்ரோமைசினோ டாக்சிசைக்ளினோ போதும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

நம் பக்கம்

நியூயார்க் நிகழ்வு நடந்த அதே 2002இல், பிப்ரவரியில், இமாசலப் பிரதேசத்தின் சிம்லா மாவட்டத்தில் நுரையீரல் பிளேக் 16 பேருக்கு வந்து 4 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் ஓசூரில் இயங்கும் கடத்திகள் கட்டுப்பாடு மற்றும் விலங்குவழி நோய்கள் நிறுவனம் எலிகளையும் தெள்ளுகளையும் கவனித்து வருகிறது. பிளேக் இங்கே இன்று நாம் பார்க்கும் நோய் இல்லை. எலித் தெள்ளு டைஃபஸ் உண்டு, பெரும்பாலும் டெங்கு, லெப்டோ (எலிக் காய்ச்சல்), உண்ணிக் காய்ச்சல் என்ற பெயர்களுக்குள் கரைந்துபோகிறது.

ஆகவே தட்டணு குறைந்து, அழுத்தம் விழுந்து, கல்லீரல் அளவுகள் ஏறிய காய்ச்சல் நோயாளி வந்தால் மூன்றைச் செய்யச் சொல்வேன். வீட்டைச் சுற்றி எலி செத்ததா, பூனை நாய்க்குத் தெள்ளு உண்டா, எந்த ஊரிலிருந்து எப்போது வந்தார் என்று அன்றே கேளுங்கள். ரிக்கெட்சியா சந்தேகம் இருந்தால் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் டாக்சிசைக்ளினைத் தொடங்குங்கள். அப்புறம், நாடி கிடைக்கிறது என்று காலுறையை மேலே இழுத்துவிட்டுப் போகாமல், ஒவ்வொரு ஷிப்டிலும் பத்து கால்விரல்களின் நிறத்தையும் பார்த்து எழுதிவையுங்கள்.